முதல் நாள் தெரிவதும் மூன்றாம் மாதம் தெரிவதும்

ஒரு நோய் எத்தனை நாள் நீடித்தது என்பதை அது அடங்கிய பிறகுதான் சொல்ல முடியும். மருத்துவரோ முதல் நாளே சீட்டில் ஒரு பெயரை எழுதியாக வேண்டும். நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் நிலையான சைக்கோசிஸ்களில் சில திடீரென்று கிளம்பி, சில நாளிலோ சில வாரத்திலோ சுவடில்லாமல் அடங்கிவிடுகின்றன. சிலருக்கு மட்டும் ஓரிரு ஆண்டு கழித்துத் திரும்பி வருகின்றன. இவற்றை எங்கே வைப்பது என்று மனநல மருத்துவம் நூறாண்டுக்கும் மேலாகத் தடுமாறுவதற்கு மேற்சொன்ன முரண் ஒரு முக்கியக் காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பான ஐசிடி-11, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்த நோய்களுக்கு அது புதிய எல்லைக்கோடு போட்டிருக்கிறது. அந்தக் கோடு சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா என்று எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

மனநலப் புறநோயாளிப் பிரிவுகளில் வழக்கமாக வரும் ஒரு நிலையைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். இருபத்துநான்கு வயதுப் பெண். மூன்று நாள் காய்ச்சல் அடித்து விட்டது. அடுத்த இரவு தூக்கமே இல்லை. காலையில் பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்கிறாள். மதியத்துக்குள் அம்மன் தனக்குள் இறங்கிவிட்டாள் என்று பூரித்துச் சிரிக்கிறாள். பொழுது சாயும்போது வீட்டில் எல்லாரும் சாகப்போகிறார்கள் என்று அலறுகிறாள். இரவில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல் கேட்கிறது. மறுநாள் சற்றுத் தெளிந்து, “எனக்கு என்னம்மா ஆச்சு?” என்று கேட்கிறாள். அரை மணி நேரத்தில் மீண்டும் கலக்கம். நான்காம் நாள் அழைத்து வருகிறார்கள். மருத்துவர் தாயிடம் கேட்கிறார்:

“எப்போலேர்ந்தும்மா இப்படி?”

“செவ்வாய்க்கிழமை ராத்திரிலேர்ந்து டாக்டர்.”

“அதுக்கு முந்தி? ஒரு மாசம், ரெண்டு மாசமா யார்கூடவும் பேசாம ஒதுங்கி இருந்தாளா? குளிக்காம, சாப்பிடாம?”

“அய்யோ, அதெல்லாம் இல்லைங்க. ஞாயித்துக்கிழமை எங்க நாத்தனார் பொண்ணு வளைகாப்புல இவதான் வந்தவங்களுக்கெல்லாம் பூ வச்சு விட்டா.”

வளைகாப்பில் பூ வைத்துவிட்ட அந்த ஒரு செய்தியில் நோய்க்குறிப்பின் பாதி இருக்கிறது. மனச்சிதைவு பெரும்பாலும் இப்படி வருவதில்லை. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், ஒதுங்கலும் சோர்வும் படிப்பில் சரிவும் முன்னால் வந்து நிற்கும். இவளுக்கு அந்த முன்கட்டம் இல்லை. அறிகுறிகள் மணிக்கு மணி உருமாறுகின்றன. அச்சமும் ஆனந்தமும் மாறிமாறி வருகின்றன. ஆறு வாரத்தில் இவள் பழையபடி வேலைக்குப் போய்விட வாய்ப்பு நிறைய. திரும்ப வரவும் வாய்ப்பு உண்டு. இந்த இரண்டில் எது நடக்கும் என்று அன்றைக்கு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பழைய கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரேப்பலின் 1899இல் தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில் பெரும் மனநோய்களை இரண்டாகப் பிரித்தார். படிப்படியாகச் சிதைவை நோக்கிப் போவது ஒன்று. வந்து வந்து விலகும் உணர்ச்சிக் கோளாறு மற்றொன்று. இந்த இரண்டிலும் அடங்காத நோயாளிகள் எல்லா நாட்டு வார்டுகளிலும் இருந்தார்கள். பிரான்சில் வாலன்டீன் மான்யானும் அவர் மாணவர் லெக்ரேனும் 1880களிலேயே அவர்களை விவரித்திருந்தார்கள். டென்மார்க்கில் விம்மர் 1916இல் மன அதிர்ச்சியை ஒட்டி எழும் சைக்கோசிஸ் பற்றி எழுதினார். ஜெர்மனியில் கிளைஸ்ட்டும் பிறகு லியோன்ஹார்டும் சுழல்வகைச் சைக்கோசிஸ் என்று ஒரு குடும்பத்தையே வகுத்தார்கள்: அச்சத்துக்கும் பேரானந்தத்துக்கும் இடையே அலைவது, குழப்பம் மேலோங்குவது, உடலசைவு தாறுமாறாவது என்று மூன்று வடிவங்கள். ஜப்பானில் மிட்சுடா இவ்வகை நோயாளிகளின் குடும்பங்களைத் துருவிப் பார்த்தார். 1974இல் ஸ்வீடனில் கார்லோ பெரிஸ் சுழல்வகையை மீண்டும் ஆராய்ந்து, பின்னர் பிராக்கிங்டனோடு சேர்ந்து அதற்குத் தெளிவான அளவுகோல்களை எழுதினார்.

காரணம் குறித்து இவர்களுக்குள் ஒத்த கருத்தே கிடையாது. மான்யானுக்கு அது பரம்பரைச் சீரழிவின் விளைவு; டேனிஷ்காரர்களுக்கு அதிர்ச்சியின் விளைவு; லியோன்ஹார்டுக்கு அது மூளையின் தனி நோய். ஆனால் நோயாளியை வருணிக்கும்போது எல்லாரும் ஏறக்குறைய ஒரே ஆளைத்தான் வருணித்தார்கள்: திடீர்த் தொடக்கம், உருமாறும் அறிகுறிகள், கலக்கம், முழுமையான மீட்சி, சிலருக்கு மறுவருகை. கொள்கையில் மோதிக்கொண்டவர்கள் காட்சியில் ஒன்றுபடும்போது அந்தக் காட்சியை நம்பலாம். இப்படி ஒரு பொருள் இருக்கவே இருக்கிறது என்பதற்கு இதைவிட வலுவான சான்று இன்றுவரை எந்த ஆய்வகத்திலிருந்தும் வரவில்லை என்பது என் எண்ணம்.

அடுத்த பெரிய சான்று இந்தியாவிலிருந்து வந்தது. 1967இலேயே என். என். விக்கும் குர்மீத் சிங்கும் இந்தியப் பயன்பாட்டுக்கென ஒரு வகைப்பாட்டை முன்மொழிந்தபோது திடீர்ச் சைக்கோசிஸுக்குத் தனியிடம் கேட்டார்கள். மேலை நூல்களின் அறைகளில் தங்கள் நோயாளிகள் அடங்கவில்லை என்பதே அவர்களின் குறை. 1980களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பிகானேர், கோவா, பாட்டியாலா, வேலூர் ஆகிய நான்கு மையங்களில் திடீர்ச் சைக்கோசிஸ் நோயாளிகளைச் சேர்த்து ஓராண்டு பின்தொடர்ந்தது. பெரும்பாலோர் முழுதாகக் குணமாகி, அந்த ஆண்டுக்குள் மறுவருகையும் இல்லாமல் இருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் பத்து நாடுகளில் நடத்திய ஆய்வின் தரவுகளை எடுத்து எஸ்ரா சஸ்ஸரும் வாண்டர்லிங்கும் 1994இல் வெளியிட்ட கணக்கு இன்னும் அழுத்தமானது. திடீரெனத் தொடங்கி முழுதாக மறையும், உணர்ச்சிக் கோளாறு சாராத சைக்கோசிஸ் தொழில்மயமான நாடுகளைவிட வளரும் நாடுகளில் சுமார் பத்து மடங்கு. ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் இரு மடங்கு. மனச்சிதைவின் விகிதத்தில் இப்படிப்பட்ட வேறுபாடு இல்லை. பரவலே இவ்வளவு வேறுபடும் ஒன்றை மனச்சிதைவின் சிறிய வடிவம் என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்தப் பின்னணியில்தான் 1992இல் ஐசிடி-10 இந்நோய்களுக்கு எஃப்23 என்ற தனி எண்ணைத் தந்தது. இரண்டு வாரத்துக்குள் சைக்கோசிஸ் முழு உருவம் எடுத்துவிட வேண்டும். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் எடுத்தால் அது ‘சடுதியில்’ என்று தனியே குறிக்கப்படும். எஃப்23க்குள் பல உட்பிரிவுகள். அறிகுறிகள் உருமாறிக்கொண்டே இருக்கும் பல்லுரு வகை. பல்லுருவோடு மனச்சிதைவு அறிகுறிகளும் சேர்ந்த வகை. உருமாறாமல் மனச்சிதைவைப் போலவே இருக்கும் வகை. தவறான நம்பிக்கைகள் மேலோங்கும் வகை. மனச்சிதைவு அறிகுறிகள் இருந்தால் ஒரு மாதம், இல்லையென்றால் மூன்று மாதம் கெடு. மன அழுத்தம் முன்னால் இருந்ததா என்று குறிக்கக் கூடுதலாக ஓர் இலக்கம். நல்ல நோக்கத்தோடு வந்த இந்த ஏற்பாடு நடைமுறையில் ஒரு கலவைப் பெட்டியாகிவிட்டது. நான்கு நாட்டு மரபுகளையும் ஒரே எண்ணின் கீழ் அடுக்கினால் வேறென்ன நடக்கும்?

அமெரிக்க மனநலச் சங்கத்தின் வகைப்பாட்டு நூலான டிஎஸ்எம் வேறு வழியில் போனது. 1980இன் மூன்றாம் பதிப்பில் ‘குறுகிய எதிர்வினைச் சைக்கோசிஸ்’ என்று ஒன்று இருந்தது: இரண்டு வாரத்துக்குள் முடிய வேண்டும், கண்ணுக்குத் தெரியும் அழுத்தம் ஒன்று முன்னால் இருந்தாக வேண்டும். 1994இன் நான்காம் பதிப்பு அழுத்த நிபந்தனையை விட்டுவிட்டு, ஒரு நாள் முதல் ஒரு மாதம் வரை என்று காலத்தை மட்டும் வைத்தது. ஐந்தாம் பதிப்பும் அதையே தொடர்கிறது. ஒரு மாதம் தாண்டி ஆறு மாதத்துக்குள் இருந்தால் மனச்சிதைவை ஒத்த கோளாறு. ஆறு மாதம் தாண்டினால் மனச்சிதைவு. நம் கற்பனைப் பெண் ஆறு வாரத்தில் குணமானால் டிஎஸ்எம் கணக்கில் அவள் இரண்டாம் வகையில் விழுவாள். அவள் நோய் எப்படித் தொடங்கியது, எப்படி உருமாறியது என்று அந்தக் கணக்கு கேட்பதே இல்லை.

அந்த ஒரு மாதக் கெடுவை எடைபோட வடஇந்தியாவிலேயே கல் கிடைக்கிறது. சஸ்ஸர், விஜோய் வர்மா, சவிதா மல்ஹோத்ரா முதலியோர் சண்டிகர் தரவுகளை வைத்து 1995இல் ஒரு கேள்வி கேட்டார்கள்: திடீரெனத் தொடங்கி முழுதாக மீண்டவர்களுக்கு நோய் உண்மையில் எவ்வளவு காலம் நீடித்தது? மிகுதியானவர்களுக்கு இரண்டிலிருந்து நான்கு மாதம் என்பதே விடை. ஒரு மாதம் என்ற கோடு இவர்களில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடுகிறது. மூன்று மாதக் கோடுகூட ஒரு பகுதியை வெட்டுகிறது. ஆறு மாதம் வரை இடம் கொடுக்கலாம் என்று அவர்கள் சொன்னார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே நோயாளிகளைத் தேடிப்பிடித்துப் பார்த்த ஆய்வு 1998இல் வந்தது. குறுகிய சைக்கோசிஸ் வந்தவர்களில் 6 விழுக்காட்டினருக்கே நோயின் மிச்சம் ஏதாவது இருந்தது. மற்ற வகைச் சைக்கோசிஸிலிருந்து மீண்டு ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர்களிடம் அது 50 விழுக்காடு. இரு தரப்பிலும் ஆட்கள் மிகக் குறைவு. அவ்வளவு சிறிய குழுவின் விழுக்காடுகள் மேல் பெரிய மாளிகை கட்டக் கூடாது. ஆனாலும் பன்னிரண்டு ஆண்டு பின்தொடர்ந்த வேலைக்கு ஈடாக எதிர்த்தரப்பில் எதுவும் இல்லை. டிஎஸ்எம்மின் ஒரு மாதக் கெடு எந்த நோயாளிக் கூட்டத்தையும் பார்த்து வைத்ததாகத் தெரியவில்லை. அதைத் தள்ளிவிடலாம்.

இப்போது ஐசிடி-11. அது செய்த மாற்றம் பெரியது. 6ஏ23 என்ற எண்ணின் கீழ் பல்லுரு வகையை மட்டும் வைத்துக்கொண்டது. முன்கட்டம் இல்லாமல் இரண்டு வாரத்துக்குள் முழுவடிவம் எடுக்க வேண்டும். அறிகுறிகள் நாளுக்கு நாள், ஒரே நாளுக்குள்ளும்கூட, தன்மையும் தீவிரமும் மாற வேண்டும். உணர்ச்சி மழுங்கலும் பேச்சு வற்றுதலும் போன்ற இழப்பு அறிகுறிகள் இருக்கக் கூடாது. மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது. அழுத்தம் இருந்ததா என்ற இலக்கத்தை நீக்கிவிட்டது. முதல்முறை வருவதற்கு ஓர் எண், பலமுறை வருவதற்கு ஓர் எண் என்று பிரித்தது. உருமாறாத மற்ற திடீர்ச் சைக்கோசிஸ்கள் ‘பிற’ என்ற தலைப்புக்குப் போய்விட்டன.

அழுத்த இலக்கத்தை எடுத்தது சரி. எந்தக் குடும்பத்திலும் கடந்த ஒரு மாதத்தைத் தோண்டினால் ஒரு சண்டையோ கடனோ துக்கமோ கிடைக்கும். நோய் வந்த பிறகு தேடினால் அது காரணமாகவும் தெரியும். விம்மர் மரபின் நூற்றாண்டு உழைப்புக்குப் பிறகும் அழுத்தம் இருந்தவர்கள் இல்லாதவர்களைவிட நோயின் போக்கில் தெளிவாக வேறுபட்டார்கள் என்று உறுதிப்படவில்லை. பல்லுருவை மையத்தில் நிறுத்தியதும் வரலாற்றுக்கு நேர்மையான செயல். மான்யானும் லியோன்ஹார்டும் பெரிஸும் கண்ட ஆள் இவள்தான். ஹாலே நகரில் ஆந்த்ரேயாஸ் மார்நெரோஸும் பில்மனும் பல ஆண்டு நடத்தி 2004இல் நூலாகத் தந்த ஆய்வும் பெண்கள் மிகுதி, குறுகிய காலம், நல்ல சமூக நிலை என்று இதே உருவத்தைத்தான் வரைந்தது.

எதிர்த்தரப்பின் முதன்மை வாதத்துக்கு இங்கே காது கொடுக்க வேண்டும். இந்த நோய்க்குறிப்பு நிலைத்து நிற்பதில்லை என்பதே அது. முதல்முறைச் சைக்கோசிஸ் நோய்க்குறிப்புகள் பின்னாளில் எத்தனை பேருக்கு மாறாமல் இருந்தன என்று ஃபூசர்-போலி குழு 2016இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. மனச்சிதைவு 90 விழுக்காடு. உணர்ச்சிக் கோளாறு சார்ந்தவை 84. திடீர்க் குறுங்கால வகைகள் 56 மட்டுமே. டென்மார்க் பதிவேட்டை வைத்து காஸ்டானினியும் மற்றவர்களும் பார்த்தபோது இதைவிடக் குறைவு: சில ஆண்டுகளில் ஐந்தில் இரண்டு பங்கினருக்கே பெயர் மாறாமல் இருந்தது. மற்றவர்கள் மனச்சிதைவுக்கோ இருமுனைக் கோளாறுக்கோ நகர்ந்தார்கள். பாதிப் பேருக்கு மாறிப்போகும் பெயரை எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்?

வலுவான கேள்விதான். ஆனால் அந்த எண்களுக்குள் மூன்று சாய்வுகள் இருக்கின்றன. முதலாவது, விதியே பெயரை மாற்றச் சொல்கிறது. மூன்று மாதம் ஒரு நாள் தாண்டினால் அறிகுறி எதுவும் மாறாமலே பெயர் மாறிவிடும். மனச்சிதைவுக்கு அப்படி ஒரு வெளியேறும் வாசல் கிடையாது; முழுதாகக் குணமானவர்கூட அந்தப் பெயரோடுதான் இருப்பார். ஒருபக்கம் மட்டும் கதவு திறந்திருக்கும்போது நிலைப்புத்தன்மையை ஒப்பிடுவது நியாயமாகாது. இரண்டாவது, பதிவேடு திரும்ப வந்தவர்களைத்தான் பார்க்கும். குணமாகி வேலைக்குப் போனவள் எந்தப் பதிவேட்டிலும் புதிதாக ஏறமாட்டாள். மூன்றாவது, ஐசிடி-10இன் கலவைப் பெட்டியை மொத்தமாக எடைபோட்டு அதன் சராசரியைச் சொல்கிறார்கள். சுவரன் சிங்கும் சகாக்களும் நாட்டிங்ஹாமில் 2004இல் பிரித்துப் பார்த்தபோது, பெண்களிடம் இந்த நோய்க்குறிப்பு நிலைத்து நின்றது, ஆண்களிடம்தான் கலைந்தது. ஆனால் நல்ல விளைவை முன்கூட்டிக் காட்டியவை பாலினமும் நோய்க்கு முந்தைய செயல்பாடும்தான்; திடீர்த் தொடக்கம் தனியே அதைக் காட்டவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து 2006இல் வந்த ஆய்விலும், பின்தொடர முடிந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் மாறவில்லை. ஒரு பகுதியினர் மனச்சிதைவுக்கும் உணர்ச்சிக் கோளாறுக்கும் போனார்கள்.

நிலைப்புத்தன்மையைவிட மறுவருகைக் கணக்கு எனக்குக் கூடுதலாகப் பயன்படுகிறது. அதே ஃபூசர்-போலி குழுவின் இன்னொரு தொகுப்பாய்வில், குறுங்காலச் சைக்கோசிஸ் வந்தவர்களில் மூன்றாண்டுக்குள் ஏறத்தாழ 51 விழுக்காட்டினருக்குச் சைக்கோசிஸ் மீண்டும் வந்தது. முதல்முறை மனச்சிதைவுக்காரர்களிடம் அது 84 விழுக்காடு. வேறுபாடு சிறிதல்ல, ஆனால் 51 என்பதும் சிறிய எண்ணல்ல. ‘தற்காலிகம்’ என்ற சொல்லைக் கேட்டுக் குடும்பம் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போனால், பாதிப் பேர் திரும்பி வருவார்கள். டென்மார்க் பதிவேட்டில் இவர்களின் தற்கொலை இறப்பு பொதுமக்களைவிடப் பல மடங்கு அதிகம் என்றும் காஸ்டானினி காட்டியிருக்கிறார். நல்ல விளைவு என்ற பேச்சு மெத்தனமாக மாறிவிடக் கூடாது.

ஆகவே ஐசிடி-11 செய்தவற்றில் மிகச் சிறந்தது பலமுறை வருவதற்குத் தனி எண் கொடுத்ததுதான். மறுவருகை வந்தாலே மனச்சிதைவு என்று எழுதிவிடும் பழக்கத்துக்கு அது தடை போடுகிறது. மூன்றாம் முறையும் நான்கு நாளில் எழுந்து ஐந்து வாரத்தில் முழுதாக அடங்கினால், அந்த நோயின் இயல்பே அது என்று பதிய இப்போது இடம் உண்டு. சிகிச்சைக்கும் இது முக்கியம். சுழல்வகைச் சைக்கோசிஸ் மீண்டும் வராமல் தடுக்க லித்தியம் உதவுகிறது என்று பெரிஸ் 1970களிலேயே எழுதினார். பிரசவத்துக்குப் பிந்தைய சைக்கோசிஸில் இதே பல்லுருக் காட்சி அடிக்கடி தெரிகிறது. அவர்களில் பலர் பின்னாளில் இருமுனைக் கோளாறின் பக்கம் போகிறார்கள். மறுவருகை மனச்சிதைவின் பக்கம்தான் போகும் என்று முன்கூட்டியே முடிவு கட்டிய மருத்துவர் இந்தச் சுவட்டைக் கவனிக்கத் தவறுவார்.

காய்ச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலின்ஸ், வர்மா, விக் ஆகியோரின் 1999ஆம் ஆண்டு ஆய்வு, வடஇந்தியாவில் குறுகிய சைக்கோசிஸுக்கு முன்னதாகக் காய்ச்சல் வந்திருப்பது மற்ற சைக்கோசிஸ்களைவிட மிகுதி என்று காட்டியது. உடலில் எங்கோ ஒரு காரணம் இருக்கிறது என்ற ஐயத்துக்கு அது இடம் கொடுத்தது. 2007இல் ஜோசப் டால்மாவ் குழு என்எம்டிஏ ஏற்பிகளைத் தாக்கும் எதிர்ப்பொருளால் வரும் மூளை அழற்சியை அடையாளம் கண்டது. இளம்பெண்களிடம் மிகுதி, காய்ச்சலும் தலைவலியும் முதலில், பிறகு திடீர்ச் சைக்கோசிஸ், அதற்குப் பிறகு வலிப்பு, வாயிலும் கைகால்களிலும் விசித்திர அசைவுகள், உறைந்துபோன நிலை. சிலருக்குச் சினைப்பையில் கட்டியும் இருக்கும். நம் கற்பனைப் பெண்ணின் முதல் மூன்று நாள் இதற்கும் பொருந்தும். இரண்டு வகைப்பாட்டு நூல்களும் ‘உடல்நோய் இல்லையென்று உறுதிசெய்த பிறகு’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்கின்றன. அந்த ஒரு வரிதான் உயிரைக் காக்கும் வரி. தாலுகா மருத்துவமனையில் எதிர்ப்பொருள் பரிசோதனை நடக்காது. ஆனால் உடல் விறைப்பும் வலிப்பும் மயக்கமும் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் மனநல வார்டிலேயே வைத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்கு உடனே அனுப்ப வேண்டும். இதை வகைப்பாட்டு நூலே உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

இனி, ஐசிடி-11இன் பெரிய குறைக்கு வருகிறேன். உருமாறாத திடீர்ச் சைக்கோசிஸை அது வெளியே அனுப்பிவிட்டது. செவ்வாய்க்கிழமை வரை நன்றாக இருந்த ஓர் இளைஞன், புதன்கிழமை முதல் தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்ற ஒரே நம்பிக்கையோடும் அதையே சொல்லும் குரலோடும் இருக்கிறான் என்று வையுங்கள். அறிகுறி உருமாறவில்லை. ஒரு மாதத்துக்குள் அடங்கினால் அவன் ‘பிற’. முப்பத்தைந்தாம் நாளும் குரல் கேட்டால், ஐசிடி-11 விதிப்படி மனச்சிதைவின் ஒரு மாத நிபந்தனை நிறைவேறிவிடுகிறது. அவன் பக்கத்துப் படுக்கையில் அதே நாளில் தொடங்கி, அதே நாள் வரை நோயோடு இருக்கும் பெண்ணுக்கு, அறிகுறி உருமாறுகிறது என்ற ஒரே காரணத்துக்காக மூன்று மாதம் தவணை. சண்டிகர் நோயாளிகள் பல்லுரு என்ற நிபந்தனையால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். திடீர்த் தொடக்கமும் முழு மீட்சியும்தான் அவர்களைச் சேர்த்தன. அவர்கள்தான் பன்னிரண்டு ஆண்டு நலமாக இருந்தார்கள். இந்தியச் சான்று தொடக்கத்தை நோக்கிக் கை காட்டியபோது, ஐசிடி-11 ஐரோப்பிய மரபின் பல்லுருவை நோக்கித் திரும்பிக்கொண்டது.

இது வெறும் ஏட்டுச் சண்டையாக நின்றுவிடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 3ஆம் பிரிவு, மனநோயைத் தீர்மானிக்கும் அளவுகோலாக ஐசிடியின் அண்மைப் பதிப்பைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இந்து திருமணச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, திரும்பத் திரும்பப் பித்து வந்தவர் என்பதைத் திருமணத்துக்குத் தடையான நிலைகளில் ஒன்றாக வைக்கிறது. மணமுறிவுக்கான 13ஆம் பிரிவின் விளக்கம் மனச்சிதைவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பெயர் மட்டும் போதாது, நோயின் அளவைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988இல் ராம் நாராயண் குப்தா வழக்கில் சொன்னது. முன்பு சிகிச்சை பெற்றதை மட்டும் வைத்து இன்றைய மனநோயை முடிவு செய்யக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. இருந்தும் குடும்ப நீதிமன்றத்தில் முதலில் எடுத்து வைக்கப்படுவது டிஸ்சார்ஜ் தாள்தான். மனச்சிதைவு வந்த பெண்களின் மணமுறிவு பற்றிச் சென்னை ஸ்கார்ஃப் நிறுவனத்தின் ஆர். தாரா முதலியோர் 2003இல் எழுதியதைப் படித்தவர்களுக்கு அந்தத் தாளின் கனம் தெரியும். பெண்களுக்கே மிகுதியாக வரும், பெரும்பாலும் முழுதாகக் குணமாகும் ஒரு நோய்க்கு அவசரப்பட்டு அந்தப் பெயரை எழுதுவதை நான் சிறிய தவறாக எண்ணவில்லை.

தொடக்கத்தை அளவுகோலாக வைப்பதிலும் சிக்கல் உண்டு. தேதி குடும்பத்தாரின் வாயிலிருந்து வர வேண்டும். அந்த வாய்க்கு நோக்கங்கள் உண்டு. பிறந்த வீட்டார், “கல்யாணத்துக்கு அப்புறம்தான் திடீர்னு வந்துது” என்பார்கள். புகுந்த வீட்டார், “வந்த நாள்லேர்ந்தே ஒரு மாதிரிதான் இருந்தா” என்பார்கள். இரண்டையும் கேட்டுவிட்டு, நிகழ்ச்சிகளை ஒட்டி உறுதிசெய்ய வேண்டும்: பொங்கலுக்கு அவள் என்ன செய்தாள், கடைசியாகச் சம்பளம் வாங்கிய மாதம் எது, போனில் கடைசியாக யாரிடம் பேசினாள். உழைப்பு பிடிக்கும் வேலை, ஆனால் முதல் நாளே செய்து முடிக்கக்கூடியது. மூன்று மாதக் கெடுவோ என்ன உழைத்தாலும் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும்.

என் தீர்ப்பு இப்படி விழுகிறது. இந்த நோய்வகைக்குத் தனியிடம் தேவை. அதை மனச்சிதைவிலோ இருமுனைக் கோளாறிலோ கரைத்துவிடச் சொல்பவர்களின் எண்கள் அவர்கள் நினைக்கும் அளவுக்குப் பேசவில்லை. டிஎஸ்எம்மின் ஒரு மாத விதி தேறாது. ஐசிடி-10 சரியான ஆட்களை உள்ளே விட்டு, தவறான உட்பிரிவுகளில் உட்கார வைத்தது. ஐசிடி-11 உட்பிரிவுக் குழப்பத்தைத் தீர்த்து, மறுவருகைக்கு இடம் தந்து, கூடவே சரியான ஆட்களில் ஒரு பகுதியை வெளியே நிறுத்திவிட்டது. மூன்றிலும் மேலானது அதுதான் என்றாலும் ஒரு திருத்தம் வேண்டும்: இரண்டு வாரத்துக்குள் எழுந்த எல்லாச் சைக்கோசிஸுக்கும், உருமாறினாலும் மாறாவிட்டாலும், மனச்சிதைவு என்று எழுதுவதற்கு முன் ஒரே மாதிரி மூன்று மாதத் தவணை. பல்லுருத் தன்மையைக் கூடுதல் குறிப்பாக வைத்துக்கொள்ளலாம். இதனால் யாருக்கும் சிகிச்சை தாமதமாகாது. முதல் வாரங்களில் கொடுக்கும் மருந்து எந்தப் பெயருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

அந்த மருந்தை எத்தனை மாதம் தொடர்வது என்பதுதான் மீதமுள்ள பெரிய கேள்வி. தெளிந்த பிறகு ஓராண்டா, இரண்டாண்டா, மறுவருகைக்காரர்களுக்கு லித்தியம் போன்றவற்றுக்கு மாறுவதா என்பதைத் தீர்க்கும் வலுவான ஒப்பீட்டுச் சோதனைகள் அரிது. ஒருமுறை வந்தவரும் மூன்றுமுறை வந்தவரும் ஒரே எண்ணின் கீழ் இருந்தவரை அப்படி ஒரு சோதனைக்கு ஆட்களைப் பிரித்தெடுப்பதே கடினம். 6ஏ23.1 என்ற எண் இப்போது அவர்களைப் பிரித்துத் தருகிறது. நோயாளிகள் மிகுதியாக உள்ள இந்திய மையங்கள்தான் அந்தச் சோதனையை நடத்த முதலில் முன்வர வேண்டும்.